மல்லி விலைய வெச்சு சராசரியும் திட்ட விலக்கமும்: கையால போட்டுப் பழக ஒரு முழு வழிகாட்டி

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல மல்லி விலை எப்படி ஆடும்னு தெரிஞ்சவங்களுக்கு புள்ளியியல்ல பாதிப் பாடம் ஏற்கனவே தெரியும்னு சொல்லலாம். சாதாரண நாள்ல ஒரு விலை, முகூர்த்தம்னா அதே பூ டபுள், மார்கழி தைல பனி விழுந்து வரத்து கொறஞ்சா கேக்கவே வேணாம். "சராசரியா கிலோ என்ன விலை போகுது"ன்னு யாராவது கேட்டா ஒரு நம்பர சொல்லிடலாம், ஆனா அந்த ஒரு நம்பர நம்பி கல்யாண வீட்டுக்காரர் பட்ஜெட் போட்டாருன்னா முகூர்த்தத்தன்னிக்கு கடை வாசல்ல நின்னு முழிக்க வேண்டியதுதான். சராசரி சொல்றது நடு எங்க இருக்குன்னு மட்டும்தான், அந்த நடுவுல இருந்து விலை எவ்ளோ தூரம் தாவுதுங்கிறத அது சொல்லாது, அதுக்கு பரவல் அளவுகள்னு தனியா ஒரு கூட்டமே இருக்கு. ரெண்டையும் ஒரே டேட்டாவ வெச்சு ஒவ்வொரு ஸ்டெப்பா போட்டுப் பாப்போம். பத்தாவது படிக்கிறவங்க, போட்டித் தேர்வுக்கு ரெடி ஆகுறவங்க, ஆபீஸ்ல எக்செல் ஷீட்ட வெச்சு மல்லுக்கட்டுறவங்க, யாரா இருந்தாலும் ஒரு பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு கூடவே போட்டுப் பாருங்க, சும்மா படிச்சா மண்டையில நிக்காது.

பேரெல்லாம் தமிழ்நாடு ஸ்கூல் புக்ல இருக்கிற மாதிரியே வெச்சுக்கறேன்: கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு, முகடு, வீச்சு, திட்ட விலக்கம். இலங்கைல படிச்சவங்க இதையே இடை, இடையம், ஆகாரம், வீச்சு, நியம விலகல்னு படிச்சிருப்பீங்க, கணக்கு ஒன்னுதான்.

டேட்டா

ஒரு வாரத்து மல்லி விலை, கிலோவுக்கு ரூபாய்ல. இது கணக்கு சுலபமா வரட்டும்னு நானா எடுத்துக்கிட்ட நம்பர், மார்க்கெட் ரிப்போர்ட் இல்ல.

திங்கள் 600
செவ்வாய் 700
புதன் 650
வியாழன் 1600 (முகூர்த்தம்)
வெள்ளி 700
சனி 750
ஞாயிறு 600

முதல் வேலை: கூட்டுச் சராசரி

எல்லாத்தையும் கூட்டி எண்ணிக்கையால வகுக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சது. கூட்டுனா 5600, 7 நாள், 5600 ÷ 7 = 800. சராசரி 800 ரூபாய்.

இப்ப டேட்டாவ இன்னொரு தடவ பாருங்க. 800 ரூபாய்க்கு எந்த நாளாவது பூ வித்துச்சா? இல்ல. 800க்கு கிட்டக்கயாவது? சனிக்கிழமை 750, அவ்ளோதான். 7 நாள்ல 6 நாள் விலை சராசரிக்குக் கீழ, ஒரே ஒரு நாள் மேல, அந்த ஒரு வியாழக்கிழமைதான் மொத்தத்தையும் மேல இழுத்துட்டு போயிருக்கு. அந்த நாள எடுத்துட்டுப் போட்டா 4000 ÷ 6, அதாவது 666.67. ஒரு நாள் விலை சராசரிய 133 ரூபாய் நகர்த்திடுச்சு. சராசரி தப்புன்னு இதுக்கு அர்த்தம் இல்ல, அதோட குணமே அதுதான், ஒவ்வொரு நம்பரையும் கணக்குல எடுத்துக்கும், பெரிய நம்பருக்குப் பெரிய பங்கு குடுக்கும்.

நம்பர் பெருசா இருந்தா ஒரு ஷார்ட்கட் இருக்கு, புக்ல ஊகச் சராசரி முறைன்னு இருக்கும். கண்ணளவுல ஒரு நம்பர பிடிச்சுக்கோங்க, 700னு வைப்போம். ஒவ்வொரு விலையும் 700ல இருந்து எவ்ளோ தள்ளி இருக்குன்னு பாத்து அத 50ஆல வகுத்துடுங்க: மைனஸ் 2, 0, மைனஸ் 1, 18, 0, 1, மைனஸ் 2. கூட்டுனா 14. 14 ÷ 7 = 2, அத 50ஆல பெருக்குனா 100, 700ஓட சேர்த்தா 800. அதே விடை, கூட்டுனது என்னவோ சின்ன சின்ன நம்பர்தான். இந்த வரிசைய அழிச்சிடாதீங்க, திட்ட விலக்கத்துக்கும் இதேதான் வேணும்.

இடைநிலை அளவு

விலைய சின்னதுல இருந்து பெருசுக்கு அடுக்குங்க: 600, 600, 650, 700, 700, 750, 1600. நடுவுல நிக்கிறது நாலாவது, அது 700. எண்ணிக்கை ஒற்றைப்படைன்னா நடு ஆளு ஒருத்தர்தான், இரட்டைப்படைன்னா நடுவுல ரெண்டு பேர் நிப்பாங்க, ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க. ரொம்ப பேர் தப்பு பண்ற இடம் அடுக்காமலே நடு நம்பர எடுக்கிறது, மேல இருக்கிற கிழமை வரிசைல நடுவுல இருக்கிறது 1600, அதப் போய் இடைநிலை அளவுன்னு எழுதிட்டு வந்தா மார்க் போச்சு.

அந்த 1600 இடத்துல 5000 வந்திருந்தாலும் இடைநிலை அளவு 700தான், அசையாது. அதனாலதான் சம்பளம், வீட்டு வாடகை, நிலத்து விலை மாதிரி மேல ஒரு சில ஆளுங்க எங்கேயோ இருக்கிற டேட்டாவுக்கெல்லாம் இடைநிலை அளவு பாக்குறது நியாயம்னு சொல்றது. சராசரி இடைநிலை அளவ விட நல்லா மேல இருந்தா டேட்டாவுல வலது பக்கம் ஒரு வால் இருக்குன்னு டக்னு சந்தேகப்படலாம், இங்க 800க்கும் 700க்கும் நடுவுல இருக்கிற அந்த 100 ரூபாய்தான் அந்த வாலோட அடையாளம்.

முகடு

அதிக தடவ வந்த நம்பர். நம்ம டேட்டாவுல 600 ரெண்டு தடவ, 700 ரெண்டு தடவ, அதனால ரெண்டு முகடு. உண்மைய சொன்னா 7 விலை வெச்சுக்கிட்டு முகடு பாக்கிறதுல பெருசா பிரயோஜனம் இல்ல. செருப்புக் கடைல எந்த சைஸ் அதிகமா ஸ்டாக் எடுக்கணும், எந்த பஸ்ல அதிகக் கூட்டம், இந்த மாதிரி கேள்விக்குத்தான் முகடு. செருப்பு சைஸ கூட்டி வகுத்து சராசரி 7.3னு கண்டுபுடிச்சு ஒருத்தருக்கும் ஒன்னும் ஆகப்போறதில்ல.

எடை போட்ட சராசரி, இங்கதான் காசு இருக்கு

இத நான் கொஞ்சம் நின்னு சொல்றேன், ஏன்னா நிஜ வாழ்க்கைல சராசரி தப்பாப் போற பெரிய இடம் இதுதான். மேல போட்ட 800 ரூபாய், 7 நாளுக்கும் சம மரியாதை குடுத்துப் போட்டது. ஆனா ஒரு விவசாயி தினமும் ஒரே அளவு பூவா கொண்டு வர்றாரு? வரத்து கொறஞ்சதாலதான் விலையே ஏறுது. அவர் கொண்டு வந்த கிலோ இப்படின்னு வெச்சுக்குவோம்: 10, 8, 9, 3, 8, 7, 5. மொத்தம் 50 கிலோ. ஒவ்வொரு நாளும் கிலோவ விலையால பெருக்குங்க:

10 × 600 = 6000
8 × 700 = 5600
9 × 650 = 5850
3 × 1600 = 4800
8 × 700 = 5600
7 × 750 = 5250
5 × 600 = 3000

மொத்தம் 36100 ரூபாய். 36100 ÷ 50 = 722. அவருக்கு உண்மையிலேயே கெடச்ச சராசரி விலை கிலோவுக்கு 722 ரூபாய்தான், 800 இல்ல. "சராசரி விலை 800, நீ 50 கிலோ போட்ட, அப்ப 40000 வந்திருக்கணுமே"ன்னு வீட்ல யாராவது கணக்கு கேட்டா பாவம் அவர் 3900 ரூபாய ஒளிச்சு வெச்ச மாதிரி ஆகிடும். விலை உச்சத்துல இருந்த அன்னிக்கு கையில இருந்தது வெறும் 3 கிலோ, அதுதான் விஷயம்.

இதையே வாங்குற பக்கம் இருந்து பாருங்க. பூக்கட்டி விக்கிற அம்மா ஒருத்தங்க தினமும் 1000 ரூபாய்க்கு மட்டும்தான் பூ எடுப்பாங்கன்னா, விலை கம்மியான நாள்ல அதிக பூ, விலை ஏறுன நாள்ல கொஞ்சம் பூ. 1000த்த ஒவ்வொரு நாள் விலையாலயும் வகுத்து கூட்டுனா 9.687 கிலோ வரும், செலவு 7000, 7000 ÷ 9.687 போட்டா கிலோ கிட்டத்தட்ட 722.60. இதுக்குப் பேரு இசைச் சராசரி. விவசாயியோட 722 கூட ஒட்டி வந்தது தற்செயல், ஆனா ரெண்டுமே 800க்கு கீழ வந்தது தற்செயல் இல்ல, விலை ஏறுறப்ப அளவு கொறஞ்சா எப்பவும் அப்படித்தான் வரும். வண்டில போறப்ப 40 கிலோமீட்டர் வேகம், அதே ரோட்டுல திரும்பி வர்றப்ப 60 கிலோமீட்டர் வேகம்னா சராசரி 50 இல்ல 48னு வர்ற பழைய எக்ஸாம் கேள்வியும் இதே இசைச் சராசரிதான்.

ரெண்டு கிளாஸோட சராசரிய சேர்க்கிறப்பவும் இதே கதை. 20 பேர் இருக்கிற கிளாஸ்ல சராசரி மார்க் 80, 60 பேர் இருக்கிற கிளாஸ்ல 60, மொத்த சராசரி 70னு எழுதக்கூடாது, 20 × 80 + 60 × 60 = 5200, 80 பேரால வகுத்தா 65.

கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு ஒன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போறேன். பேட்டிங் ஆவரேஜ்ங்கிறது எடுத்த ரன்ன ஆடுன இன்னிங்ஸால வகுக்கிறது இல்ல, அவுட் ஆன தடவையால வகுக்கிறது. டான் பிராட்மேன் டெஸ்ட்ல எடுத்தது 6996 ரன், 80 இன்னிங்ஸ், அதுல 10 தடவ நாட் அவுட். 6996 ÷ 70 = 99.94. 80ஆல வகுத்தா 87.45தான். 1948ல ஓவல் மைதானத்துல கடைசி இன்னிங்ஸ்ல 4 ரன் எடுத்திருந்தா சரியா 100 ஆகியிருக்கும், ஹோலிஸ் பந்துல ஜீரோவுக்கு போல்ட். ஒரு சராசரிய எங்க பாத்தாலும் கீழ எதால வகுத்திருக்காங்கன்னு முதல்ல கேளுங்க.

இப்ப பரவல்: வீச்சு

பெருசுல இருந்து சின்னத கழிங்க, 1600 கழித்தல் 600 = 1000. முடிஞ்சுது. வீச்சுக் கெழு கேட்டா அந்த 1000த்த பெருசு, சின்னது ரெண்டோட கூட்டுத்தொகையால வகுக்கணும், 1000 ÷ 2200 = 0.45. ரெண்டே ரெண்டு நம்பர பாத்துட்டு மிச்ச அஞ்ச கண்டுக்காத அளவு இது, அவசரத்துக்கு ஓகே.

விலக்கங்களும் திட்ட விலக்கமும்

ஒவ்வொரு விலையில இருந்தும் சராசரிய கழிக்கணும், வர்றதுதான் விலக்கம். மைனஸ் வந்தா மைனஸோடவே எழுதுங்க. பக்கத்துலயே அதோட வர்க்கம்:

திங்கள்: −200, வர்க்கம் 40000
செவ்வாய்: −100, வர்க்கம் 10000
புதன்: −150, வர்க்கம் 22500
வியாழன்: +800, வர்க்கம் 640000
வெள்ளி: −100, வர்க்கம் 10000
சனி: −50, வர்க்கம் 2500
ஞாயிறு: −200, வர்க்கம் 40000

வர்க்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி விலக்கங்கள கூட்டிப் பாருங்க. மைனஸ் எல்லாம் சேர்த்து 800, பிளஸ் 800, மொத்தம் ஜீரோ. எப்பவும் ஜீரோதான் வரும், ஏன்னா சராசரிங்கிறது தராசுல முள்ளு நிக்கிற இடம் மாதிரி, ரெண்டு பக்கமும் சமம். ஜீரோ வரலன்னா எங்கயோ கழிச்சதுல தப்பு, அங்கயே நிறுத்தி திருத்துங்க, வர்க்கம் போட்டதுக்கு அப்புறம் தப்ப கண்டுபுடிக்கிறது கஷ்டம். (சராசரிய ரவுண்ட் பண்ணியிருந்தா ஜீரோவுக்கு பதிலா 0.01, 0.02 மாதிரி ஏதாவது மிச்சம் நிக்கும், அது பரவால்ல.)

விலக்கம் கூட்டுனா ஜீரோ ஆகிடுது, அதனால அத வெச்சு பரவல் சொல்ல முடியாது. ரெண்டு வழி இருக்கு. ஒன்னு மைனஸ தூக்கிட்டு கூட்டுறது, 1600 ÷ 7 = 228.57, இது சராசரி விலக்கம். இன்னொன்னு வர்க்கப்படுத்துறது. வர்க்கப்படுத்துனா பெரிய தாவல் ரொம்பப் பெருசாத் தெரியும், கணக்கு ரீதியா மேற்கொண்டு வேலை செய்யவும் வசதி, அதனால உலகம் முழுக்க ரெண்டாவதுதான் நிலைச்சு நின்னுது. திட்ட விலக்கம்ங்கிற பேர 1890கள்ல கொண்டு வந்தது கார்ல் பியர்சன்.

வர்க்கத்தோட கூட்டுத்தொகை 765000. 7ஆல வகுத்தா 109285.71, இது விலக்க வர்க்கச் சராசரி. இதோட யூனிட்ட யோசிச்சுப் பாருங்க, ரூபாயோட வர்க்கம், அப்படி ஒரு காசு எந்த ஊர்லயும் இல்ல. அதனால வர்க்கமூலம் எடுத்து மறுபடி ரூபாய்க்கே வந்துடறோம்: √109285.71 = 330.58 ரூபாய். இதுதான் திட்ட விலக்கம்.

765000ல வியாழக்கிழமை மட்டும் 640000, அதாவது கிட்டத்தட்ட 84 சதவீதம். திட்ட விலக்கம் பெருசா இருக்குன்னு கேள்விப்பட்டா விலை தினமும் ஆடுதுன்னு நெனச்சுக்கக் கூடாது, இங்க 6 நாள் விலை சாதுவா 600ல இருந்து 750க்குள்ளதான் இருந்திருக்கு, ஒரு நாள் பண்ண வேலை இது. இதத் தெரிஞ்சுக்கணும்னா வர்க்க வரிசைய கண்ணால பாக்கணும், கால்குலேட்டர் கடைசி நம்பர மட்டும்தான் காட்டும்.

ஷார்ட்கட்ல போடணும்னா முன்னாடி அழிக்காதீங்கன்னு சொன்ன வரிசைய எடுங்க. அதோட வர்க்கங்கள்: 4, 0, 1, 324, 0, 1, 4, கூட்டுனா 334. 334 ÷ 7 = 47.714, அதுல இருந்து சராசரி 2ஓட வர்க்கம் 4ஐ கழிச்சா 43.714, வர்க்கமூலம் 6.6117, அத 50ஆல பெருக்குனா 330.58. எக்ஸாம்ல நேரம் இல்லாதப்ப இதுதான் கை குடுக்கும், கடைசில அந்த 50ஆல பெருக்க மறந்துடாதீங்க.

7ஆ 6ஆ?

இந்தக் குழப்பம் காலேஜ் வரைக்கும் போகும். உங்ககிட்ட இருக்கிற 7 நாள்தான் மொத்த விஷயமும், அந்த வாரத்த பத்தி மட்டும்தான் பேசுறீங்கன்னா 7ஆல வகுங்க. இந்த 7 நாள் ஒரு சாம்பிள், இத வெச்சு சீசன் முழுக்க விலை எப்படி ஆடும்னு மதிப்பிடப் போறீங்கன்னா 6ஆல வகுக்கணும்: 765000 ÷ 6 = 127500, வர்க்கமூலம் 357.07. ஏன் ஒன்னு கொறையுது? விலக்கம் எல்லாம் கூட்டுனா ஜீரோன்னு பாத்தோம்ல, அதனால 6 விலக்கம் தெரிஞ்சா ஏழாவது தானா தெரிஞ்சுடும், புதுசா தகவல் சொல்றது 6 மட்டும்தான். இன்னொரு விதமா சொன்னா, சீசனோட நெசமான சராசரி நமக்குத் தெரியாது, நம்ம டேட்டாவுல இருந்தே சராசரிய எடுத்து அதே டேட்டாவ அளக்கிறோம், அப்ப வர்க்கங்களோட கூட்டுத்தொகை கொஞ்சம் கம்மியாத்தான் வரும், அத சரிக்கட்ட கீழ ஒன்ன கொறைக்கிறோம். பத்தாம் வகுப்பு கணக்குல எண்ணிக்கையாலயேதான் வகுக்கணும், அங்க போய் 6ஆல வகுத்து வைக்காதீங்க.

ரெண்டு பூவ ஒப்பிடணும்னா

சம்பங்கி விலை அதே வாரத்துல 150, 160, 140, 240, 150, 140, 140னு வெச்சுக்கோங்க. கூட்டுனா 1120, சராசரி 160. விலக்கங்கள் −10, 0, −20, 80, −10, −20, −20, வர்க்கம் கூட்டுனா 7800, 7ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 33.38.

மல்லிக்கு 330, சம்பங்கிக்கு 33, அப்ப மல்லி பத்து மடங்கு ஆடுதுன்னு சொல்லிடலாமா? கூடாது, மல்லி விலையே அஞ்சு மடங்கு பெருசு. திட்ட விலக்கத்த சராசரியால வகுத்து 100ஆல பெருக்குங்க, அதுதான் மாறுபாட்டுக் கெழு. மல்லிக்கு 330.58 ÷ 800, 41.32 சதவீதம். சம்பங்கிக்கு 33.38 ÷ 160, 20.86 சதவீதம். ஆக ஆட்டம் சுமார் ரெண்டு மடங்குதான். கெழு கம்மியா இருக்கிறதுதான் நிலையானது, கேள்வில "எது அதிக நிலைத்தன்மை உடையது"ன்னு வந்தா சின்ன கெழுவ எழுதுங்க. ஒரு எச்சரிக்கை, டெம்பரேச்சர் மாதிரி ஜீரோவுக்கு அர்த்தம் இல்லாத அளவுக்கு இந்தக் கெழு செல்லாது, செல்சியஸ்ல ஒன்னு வரும் ஃபாரன்ஹீட்ல வேற ஒன்னு வரும்.

கூட்டுனா என்ன ஆகும், பெருக்குனா என்ன ஆகும்னும் அடிக்கடி கேப்பாங்க. வண்டி வாடகைன்னு கிலோவுக்கு 20 ரூபாய் தினமும் போகுதுன்னா சராசரி 780 ஆகும், திட்ட விலக்கம் அதே 330.58, எல்லா விலையும் ஒன்னா நகர்ந்தா இடைவெளி மாறாதுல்ல. கமிஷன் கடைல 10 சதவீதம் புடிச்சா எல்லாமே 0.9 மடங்கு, சராசரி 720, திட்ட விலக்கம் 297.53, கெழு மட்டும் அதே 41.32.

கால்மானங்கள், தனியா நிக்கிற நம்பர புடிக்கிறது

அடுக்கி வெச்ச வரிசைய நாலு சம பங்கா பிரிக்கிற இடங்கள்தான் கால்மானங்கள். முதல் கால்மானம் (7 + 1) ÷ 4, அதாவது ரெண்டாவது இடம், 600. மூணாவது கால்மானம் ஆறாவது இடம், 750. ரெண்டுக்கும் வித்தியாசம் 150. நடுவுல இருக்கிற பாதி நாள் விலை எவ்ளோ அகலத்துல இருந்துச்சுன்னு இது சொல்லும், கடைக்கோடில என்ன நடந்தாலும் கவலப்படாது. எக்செல்ல சாதாரண குவார்ட்டைல் ஃபார்முலா போட்டா 625, 725னு வேற விடை வரும், பயந்துடாதீங்க, இடத்த கணக்குப் பண்ற முறை வேற, ரெண்டும் சரிதான், ரிப்போர்ட்ல எந்த முறைன்னு சொல்லிட்டா போதும்.

விலகி நிக்கிற மதிப்புன்னு ஒன்ன சொல்லணும்னா புள்ளியியலாளர் ஜான் டூக்கி குடுத்த வழக்கம் ஒன்னு இருக்கு, இந்த 150ஐ 1.5ஆல பெருக்கி மூணாவது கால்மானத்தோட கூட்டுறது: 750 + 225 = 975. அதுக்கு மேல இருக்கிறது சந்தேகக் கேஸ். கீழ 600 − 225 = 375. நம்ம 1600 தெளிவா வெளிய நிக்குது.

சில பேரு "சராசரியில இருந்து 3 திட்ட விலக்கத்துக்கு மேல போனாத்தான் விலகுன மதிப்பு"ன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருப்பாங்க. அத இங்க போட்டா 800 ÷ 330.58 = 2.42, பாஸ் ஆகிடும்! காரணம் வேடிக்கையானது: அந்தப் பெரிய நம்பரே சராசரியையும் தன் பக்கம் இழுத்து திட்ட விலக்கத்தையும் ஊத வெச்சிடுது. கணக்கு ரீதியாவே 7 நம்பர்ல ஒரு நம்பர் அதிகபட்சம் √6, அதாவது 2.45 திட்ட விலக்கம் தூரம்தான் போக முடியும், அந்த 1600ஐ ஒரு லட்சமா மாத்துனாலும் 2.45ஐத் தாண்டாது. 10 நம்பரோ அதுக்குக் கம்மியோ இருக்கிற டேட்டாவுல 3 திட்ட விலக்க விதி யாரையும் புடிக்கவே புடிக்காது. சின்ன டேட்டான்னா கால்மான வழிக்கு வந்துடுங்க.

அதே மாதிரி "68, 95, 99.7 சதவீதம்" விதியும் (சராசரிக்கு ரெண்டு பக்கமும் ஒன்னு, ரெண்டு, மூணு திட்ட விலக்கத்துக்குள்ள இத்தன சதவீத டேட்டா இருக்கும்ங்கிறது) மணி வடிவ டேட்டாவுக்குத்தான். நம்ம மல்லிக்கு சராசரியில இருந்து ரெண்டு திட்ட விலக்கம் கீழ போனா கிலோ 139 ரூபாய்னு வருது, அந்த வாரத்துல 600க்கு கீழ பூவே விக்கல. இப்படி ஒரு பக்கம் சாஞ்ச டேட்டான்னா இடைநிலை அளவு 700, நடுப்பாதி 600ல இருந்து 750 வரைக்கும், ஒரு நாள் மட்டும் 1600னு எழுதுங்க, படிக்கிறவருக்கு நெலவரம் அப்படியே கண்ணு முன்னாடி வந்துடும். அந்த 1600ஐ தூக்கிப் போடுறது மட்டும் வேணாம், டைப் பண்ணதுல ஒரு சைபர் கூடிடுச்சுன்னா திருத்துங்க, இது நெசமாவே முகூர்த்த விலை, கல்யாண வீட்டுக்காரருக்கு தெரிய வேண்டியதே அந்த ஒரு நம்பர்தான்.

தொகுத்த டேட்டா, எக்ஸாம்காரங்களுக்கு

40 பேர் மார்க்: 0-20ல 3 பேர், 20-40ல 9, 40-60ல 15, 60-80ல 8, 80-100ல 5. ஒவ்வொருத்தர் மார்க்கும் தெரியாது, அதனால ஒவ்வொரு பிரிவுக்கும் நடு மதிப்பு எடுக்கணும்: 10, 30, 50, 70, 90. 50ஐ ஊகச் சராசரியா வெச்சு 20ஆல வகுத்தா −2, −1, 0, 1, 2. ஆள் எண்ணிக்கையால பெருக்குனா −6, −9, 0, 8, 10, கூட்டுனா 3. சராசரி = 50 + (3 ÷ 40) × 20 = 51.5.

திட்ட விலக்கத்துக்கு வர்க்கத்த ஆள் எண்ணிக்கையால பெருக்குங்க: 12, 9, 0, 8, 20, கூட்டுனா 49. 49 ÷ 40 = 1.225, அதுல இருந்து 0.075ஓட வர்க்கம் 0.005625 கழிங்க, 1.219375, வர்க்கமூலம் 1.1043, 20ஆல பெருக்குனா 22.09. இங்க நிறைய பேர் மார்க் விடுற இடம், 2ஓட வர்க்கத்த ஆள் எண்ணிக்கையால பெருக்குறதுக்கு பதிலா ஏற்கனவே பெருக்குன −6ஐ வர்க்கப்படுத்தி 36னு எழுதுறது. −6ஐ இன்னொரு தடவ −2ஆல பெருக்குங்க, 12 வந்துடும், தனியா யோசிக்கவே வேணாம்.

இடைநிலை அளவுக்கு குவிவு நிகழ்வெண், அதாவது ஆள் எண்ணிக்கைய வரிசையா கூட்டிக்கிட்டே வர்றது, 3, 12, 27னு ஏறுது, 20வது ஆள் 40-60க்குள்ள இருக்காரு. 40 + (20 − 12) ÷ 15 × 20 = 50.67. "80க்கு மேல்"னு முடிவு இல்லாம ஒரு பிரிவு குடுத்திருந்தா நடு மதிப்பே கெடையாது, சராசரி போட முடியாது, இடைநிலை அளவு மட்டும் எப்பவும் போல வரும்.

கால்குலேட்டர், எக்செல்

கால்குலேட்டர்ல ரெண்டு திட்ட விலக்கமும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கும், எது எதுன்னு மறந்துட்டா 1ல இருந்து 7 வரைக்கும் நம்பர் போட்டுப் பாருங்க. சரியா 2 வந்தா 7ஆல வகுக்கிறது, 2.16 வந்தா 6ஆல வகுக்கிறது. முதல் இயல் எண்கள் எத்தனையோ அதோட வர்க்கத்துல ஒன்ன கழிச்சு 12ஆல வகுத்து வர்க்கமூலம் எடுக்கிற அந்த புக் சூத்திரம், 7க்கு √(48 ÷ 12) = 2, அதனாலதான் இந்த டெஸ்ட் அழகா வேலை செய்யுது. எக்செல்ல எஸ்டிடெவ் டாட் பி போட்டா 330.58, எஸ்டிடெவ் டாட் எஸ் போட்டா 357.07. எடை போட்ட சராசரிக்கு சம்ப்ராடக்ட்ல விலையையும் கிலோவையும் குடுத்து மொத்த கிலோவால வகுத்துடுங்க. நடுவுல எங்கயும் ரவுண்ட் பண்ணாதீங்க, கடைசி விடைல மட்டும் பண்ணுங்க.

மார்க்கெட் லீவு விட்ட நாளுக்கு எக்செல்ல ஜீரோன்னு போட்டுடாதீங்க. காலியா விட்டா ஆவரேஜ் ஃபார்முலா அந்த செல்ல எண்ணாது, ஜீரோ போட்டா எண்ணும், நம்ம 7 நாளோட எட்டாவதா ஒரு ஜீரோ சேர்ந்தா சராசரி 800ல இருந்து 700க்கு விழுந்துடும், திட்ட விலக்கம் 330ல இருந்து 407க்கு ஏறிடும், அன்னிக்கு யாரும் பூவ சும்மா குடுக்கல, கடையே தொறக்கல.